புகார் எங்கே போகிறது?

1968 மார்ச் 16. வியட்நாமின் சோன் மி கிராமத்தில் காலையில் இறங்கிய அமெரிக்க சார்லி கம்பெனியை எதிர்த்துச் சுட அங்கே யாரும் இல்லை. நண்பகலுக்குள் கிழவர்களும் பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானோரைக் கொன்றுவிட்டார்கள். அமெரிக்கக் கணக்கில் 347 பேர். வியட்நாமியர் கணக்கில் 504 பேர். மை லாய் என்பது அந்தக் கிராமத்தின் ஒரு குடியிருப்பு. உலகம் அந்தப் பெயரில்தான் இந்தப் படுகொலையை அறியும்.

*

மேலே சிறிய ஹெலிகாப்டரில் அமெரிக்க ராணுவ விமானி ஹியூ தாம்சன், வயது 24. உடன் கிளென் ஆண்ட்ரியோட்டாவும் லாரன்ஸ் கோல்பர்னும். பதுங்குகுழியில் ஒளிந்திருந்த மக்களை நோக்கி வீரர்கள் போவதைப் பார்த்த தாம்சன், இரு தரப்புக்கும் நடுவில் ஹெலிகாப்டரை இறக்கினார். இந்த மக்களை நம்மவர்கள் சுட்டால் நம்மவர்களையே சுடுங்கள் என்று தன் ஆட்களிடம் சொல்லிவிட்டு, மக்களை வெளியே அழைத்துவந்து வேறு ஹெலிகாப்டர்களில் ஏற்றி அனுப்பினார். பிணங்கள் குவிந்த வாய்க்காலில் இறங்கிய ஆண்ட்ரியோட்டா, உயிரோடிருந்த ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார். அடுத்த மாதமே அவர் போரில் இறந்தார்.

*

தாம்சன் அன்றே தளத்துக்குத் திரும்பி மேலதிகாரிகளிடம் முறையிட்டார். சுடுவதை நிறுத்தச் சொல்லி உத்தரவு போனது. புகாரும் மேலே போனது. அதை விசாரித்தவர் பிரிகேட் தளபதி ஹெண்டர்சன். அன்று காலை அதே கிராமத்துக்கு மேல் ஹெலிகாப்டரில் பறந்தவர் அவர். இருபது பேர் தவறுதலாகச் செத்தார்கள் என்று ஏப்ரலில் எழுதிக் கொடுத்தார். அவருக்கு மேலிருந்த டிவிஷன் அதை வாங்கி வைத்துக்கொண்டது. அந்த டிவிஷனின் எல்லா மட்டங்களிலும் உண்மை மறைக்கப்பட்டது என்று 1970இல் பியர்ஸ் விசாரணைக் குழு கண்டறிந்தது.

புகார் சொல்ல ஆள் இருந்தார், உடனே சொன்னார். பதில் சொல்ல வேண்டியவர் கைக்கே அந்தப் புகார் போய்ச் சேர்ந்ததில்தான் எல்லாம் கெட்டது.

*

சிப்பாய் ரான் ரைடனவர் அங்கே இருந்தவரே இல்லை. உடன் பணியாற்றிய நண்பர்கள் சொல்லக் கேட்டவர். ஒருவர் சொன்னதோடு விடாமல், தெரிந்த மற்றவர்களையும் தனித்தனியே விசாரித்துச் சேகரித்தார். ஊர் திரும்பிய பின், 1969 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களுக்கும் பென்டகனுக்கும் சுமார் முப்பது கடிதங்கள் அனுப்பினார். ஓராண்டாக அசையாத ராணுவம் அதன் பிறகுதான் அசைந்தது. செப்டம்பரில் சார்லி கம்பெனியின் லெப்டினன்ட் காலி மீது கொலைக்குற்றம் பதிவானது. நவம்பரில் பத்திரிகையாளர் செய்மோர் ஹெர்ஷ் எழுதிய செய்தி வந்தது. ராணுவப் புகைப்படக்காரர் ஹேபர்லி தன் சொந்தக் கேமராவில் எடுத்த படங்களும் அச்சாயின. ராணுவக் கேமராவில் எடுத்தவற்றை அவர் முன்பே ஒப்படைத்திருந்தார். மக்கள் பார்த்தது சொந்தக் கேமராப் படங்களை.

*

மேலிடத்து உத்தரவு என்பது காலியின் வாதம். சாதாரண அறிவுள்ள யாருக்கும் சட்டவிரோதம் என்று தெரியக்கூடிய உத்தரவு சிப்பாயைக் காப்பாற்றாது என்றது நீதிமன்றம். நூரம்பர்க் விசாரணை ஏற்கெனவே நிறுவிய நெறிதான். 1956இல் இஸ்ரேலின் கஃபர் காசிம் கிராமத்தில் ஊரடங்கு தெரியாமல் வேலை முடிந்து வீடு திரும்பியவர்களைச் சுட்ட வழக்கில் இஸ்ரேலிய நீதிபதியும் இதையே சொன்னார்: அப்படிப்பட்ட உத்தரவின் மேல் கறுப்புக்கொடி பறக்கும்.

சரியான சட்டம். ஆனால் கீழ்ப்படியில் இருப்பவனிடம் மட்டும் கண்டிப்பு. குறைந்தது 22 கொலைகளுக்கு ஆயுள் தண்டனை பெற்ற காலி, பெரும்பகுதி வீட்டுக்காவலில் மூன்றரை ஆண்டுகள் இருந்துவிட்டு வெளியே வந்தார். கம்பெனித் தளபதி கேப்டன் மெடினா விடுதலை. ஹெண்டர்சன் விடுதலை. டிவிஷன் தளபதி ஜெனரல் கோஸ்டருக்குப் பதவி இறக்கம். 1946இல் இதே அமெரிக்க ராணுவம், தன் படையினரின் அட்டூழியங்களைத் தடுக்கத் தவறினார் என்று ஜப்பானிய ஜெனரல் யமாஷிட்டாவைத் தூக்கிலிட்டது. தோற்றவனுக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டம் என்று இருந்தால் அதை நீதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

*

தாம்சனுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. வாசலில் செத்த விலங்குகளைப் போட்டார்கள். துப்பாக்கியை நம்மவர்கள் பக்கம் திருப்பிய அவரைத்தான் தண்டிக்க வேண்டும் என்றார் காங்கிரஸின் ராணுவக் குழுத் தலைவர் மெண்டல் ரிவர்ஸ். அந்த ஹெலிகாப்டரில் இருந்த மூவருக்கும் வீரப்பதக்கம் வந்தது 1998இல்.

*

2004இல் இராக்கின் அபு கிரைப் சிறைச் சித்திரவதைப் படங்களை, பெயர் வெளிவராது என்ற உறுதியை நம்பி விசாரணை அதிகாரிகளிடம் கொடுத்தவர் அமெரிக்கச் சிப்பாய் ஜோ டார்பி. நாடே பார்த்த காங்கிரஸ் விசாரணையில் அவர் பெயரைச் சொன்னார் பாதுகாப்புச் செயலாளர் ரம்ஸ்ஃபெல்ட். டார்பியால் சொந்த ஊரில் வாழ முடியவில்லை.

ஆஸ்திரேலியப் படையினர் ஆப்கானிஸ்தானில் 39 பேரைச் சட்டவிரோதமாகக் கொன்றதற்கு நம்பத்தகுந்த தகவல் உண்டு என்று 2020இல் பிரெரட்டன் அறிக்கை சொன்னது. 2024 மே மாதம் சிறைத்தண்டனை பெற்றவர், ரகசிய ஆவணங்களைப் பத்திரிகையாளர்களிடம் தந்த ராணுவ வழக்கறிஞர் டேவிட் மெக்பிரைட். அவருடைய நோக்கம் பற்றிப் பல வாதங்கள் இருக்கின்றன. ஆனால் அன்றுவரை அந்தக் கொலைகளுக்காக ஒருவர்கூடத் தண்டனை பெற்றிருக்கவில்லை.

*

அமெரிக்காவின் 1988ஆம் ஆண்டுச் சட்டம், காங்கிரஸ் உறுப்பினரிடமும் ஆய்வுத் தலைவரிடமும் (இன்ஸ்பெக்டர் ஜெனரல்) முறையிடும் படைவீரரைப் பழிவாங்குவதைத் தடுக்கிறது. கட்டளை வரிசைக்கு வெளியே ஒரு கதவு. டார்பிக்கு நடந்ததைப் பார்த்தால் கதவு மட்டும் போதாது. அதைத் தட்டியவரின் பெயரை வெளியிடுபவர் அமைச்சரானாலும் குற்றவாளியாக வேண்டும்.

குண்டு பாயும் இடத்தில், நொடிப்பொழுதில், இருபது வயதுப் பையன் சரி தவறு அறிந்து மறுக்க வேண்டும் என்கிறது சட்டம். சொல்லட்டும். மேசையும் சட்ட அலுவலரும் மாதக்கணக்கில் அவகாசமும் இருந்த ஹெண்டர்சன்களிடம் அது அதைவிடக் கடுமையாகக் கேட்க வேண்டும். கொன்றவனுக்கு அடுத்த கூண்டில் நிற்க வேண்டியவர், புகாரைப் புதைத்தவர்.