ஜோடி சேர்ந்தால்தான் தோடு

வைரத்தோடு என்றால் நம் வீடுகளில் ஏழு கல் தோடுதான். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. இரண்டு காதுக்குமாகப் பதினாலு கல். போன வருஷம் என் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். பல வருஷமாகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் தோட்டுக்கென்றே தனியாக இருந்தது. ஆனால் பெண்ணோ, "ஏழு கல் வேண்டாம்மா. ஆபீசுக்கும் போட்டுக்கிற மாதிரி, துளி வடிவத்தில் ஒற்றைக் கல் தொங்கினால் போதும்" என்று சொல்லிவிட்டாள். ஒரு பக்கம் உருண்டு மறு பக்கம் கூராக இருக்கிற அந்தக் கல்லைக் கடைகளில் 'பேர் ஷேப்' என்கிறார்கள். பேரிக்காய் வடிவம்தான்.

மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. பழக்கம் விட்டுப் போகிறதே என்பதற்காக அல்ல. 2001-ல் நாத்தனார் கல்யாணத்துக்குத் தன் காதுத் தோட்டைப் பிரித்துக் கொடுத்தவர் அவர். "ஏழு கல்லில் ஒன்று விழுந்தால் அதே மாதிரி இன்னொன்று வாங்கிப் பதிச்சுடலாம். முடையென்றால் பிரிச்சும் விற்கலாம். இதில் ஒன்று தொலைஞ்சா மற்றதை வைத்துக்கொண்டு அவள் என்னம்மா செய்வாள்?" என்றார். எனக்கும் அந்தக் கேள்வி மனசில் தைத்தது. பெண்ணுக்குப் போடுகிற நகை அழகுக்கு மட்டுமா? நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தால் அவள் கையில் நிற்க வேண்டாமா? அதனால் நன்றாகத் தெரிந்துகொண்ட பிறகே வாங்குவது என்று நானும் என் கணவரும் கடை கடையாக ஏறி இறங்கினோம்.

முதல் கடையில் காட்டிய இரண்டு கல்லும் நாற்பது சென்ட். (ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம், அதை நூறாகப் பிரித்தால் ஒரு சென்ட்.) எடை ஒன்றுதான், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று அக்கா மாதிரி, ஒன்று தங்கை மாதிரி! "எடை சரியாக இருக்கிறதே அம்மா" என்று விற்பனையாளர் சாதித்தார். அளவெடுக்கச் சொன்னோம். ஒன்று நீளம் 6.2 மில்லிமீட்டர், மற்றது 5.6 தான். சின்னதாகத் தெரிந்த கல்லின் எடையெல்லாம் அடியில், ஆழத்தில் போயிருந்தது. தோட்டுக்குக் கல் எடுக்கும்போது எடை மட்டும் ஒத்துப் போனால் போதாது. நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒத்திருக்க வேண்டும். அகலத்தைப் போல ஒன்றரை முதல் ஒன்றேமுக்கால் மடங்கு வரை நீளம் இருந்தால் கண்ணுக்கு லட்சணம். அதற்கும் குறைந்தால் குண்டாகத் தெரியும்.

அடுத்ததாக, கல்லின் நடுவில் குறுக்காக ஒரு கறுப்பு நிழல் விழுகிறதா என்று பாருங்கள். கழுத்தில் கட்டுகிற 'போ' மாதிரி இருக்கும். இந்த வடிவத்தில் அநேகமாக எல்லாக் கல்லிலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அசைத்தால் மறைந்து மின்னினால் பாதகமில்லை. எப்படித் திருப்பினாலும் நடுவில் இருட்டாகவே இருந்தால் பட்டை தீட்டியது சரியில்லை. கடையின் பளிச் விளக்குக்குக் கீழே எல்லாக் கல்லும் ஜொலிக்கத்தான் ஜொலிக்கும். வாசலில் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

நிறத்துக்கு ஒரு வெள்ளைக் காகிதம் போதும். அதை மடித்து, மடிப்பில் கல்லைக் குப்புற வைத்துப் பார்த்தால் மஞ்சள் சாயல் இருந்தால் தெரிந்துவிடும். இந்த வடிவத்தில் கூர்முனையில்தான் அது அதிகமாகத் தெரியும். 'டி' என்பது நிறமற்ற முதல் தரம். அதிலிருந்து 'இசட்' வரை இறங்கும். காதில் இருப்பதை யாரும் லென்ஸ் வைத்துப் பார்க்கப் போவதில்லை. 'ஜி', 'எச்' தரமே தாராளம். இரண்டு கல்லும் ஒரே தரமா என்பதுதான் முக்கியம்.

கூர்முனைதான் இதற்குப் பலவீனம். வைரத்தைப் போலக் கடினமான கல் இல்லை என்றாலும், முனையில் அடிபட்டால் சில்லு பெயர்ந்துவிடும். முனையில் உள்விரிசல் உள்ள கல்லை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். பதிக்கும்போது முனையை 'வி' மாதிரி தங்கத்தால் மூடிப் பிடிக்கச் சொல்ல வேண்டும்.

இப்போது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரமும் வருகிறது. அதுவும் நிஜ வைரமே. வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விலை மிகவும் குறைவு, திரும்ப விற்றால் கிடைப்பதும் குறைவு. எது என்று பில்லில் எழுதி வாங்குங்கள். தங்கத்துக்கு ஹால்மார்க்கும் ஆறு எழுத்து எண்ணும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான்காவது கடையில் ஜோடி அமைந்தது. மாமியாரின் கேள்விக்கும் அங்கேதான் பதில் கிடைத்தது. இரண்டு கல்லுக்கும் தனித்தனியே தரச் சான்றிதழ், மூன்று அளவுகள், நிறம், தெளிவு எல்லாம் பில்லில் எழுதி, திரும்ப எடுத்துக்கொள்வதானால் என்ன கழிவு என்பதையும் குறித்துக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். ஒன்று தொலைந்தால் அந்த அளவைக் காட்டி ஜோடி தேடலாம். முடையென்றால் மாற்றவும் வழி உண்டு. மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். "சரி, இந்தச் சீட்டைத் தோட்டோடு வைக்காதே. திருடன் வந்தால் இரண்டையும் சேர்த்து எடுத்துண்டு போவான். தனியா வை" என்றார். அதுவே அவர் சம்மதம். பிறகு வழக்கப்படி மூன்று நாள் பூஜை அறையில் வைத்துப் பார்த்து, அவரே பேத்திக்குப் போட்டுவிட்டார்.

என் பெண் அதை இப்போது தினமும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாள். தினம் போடுகிற நகைக்குக் கவனம் கூடுதலாக வேண்டும். குளிக்கும்போதும் தலை துவட்டும்போதும் கழற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன். எண்ணெய்ப் பசை ஏறினால் மங்கிவிடும். வெதுவெதுப்பான நீரில் துளி சோப்புக் கரைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கடையில் கொடுத்து, கல் ஆடுகிறதா, திருகாணி தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்கிவிட வேண்டும்.