ஒப்புதலும் மறுப்பும்: இடர் மதிப்பீட்டாளரின் கல்வி

காப்பீட்டில் அண்டர்ரைட்டர் என்றும் வங்கியில் கடன் மதிப்பீட்டு அதிகாரி என்றும் அழைக்கப்படுபவரின் பணி, வருங்காலத்தைக் கணித்துச் சொல்வதன்று. ஒருவர் கொண்டுவரும் இடரை எந்த விலைக்கு, எந்த நிபந்தனையோடு, எவ்வளவு தூரம் நிறுவனம் ஏற்கலாம் எனத் தீர்மானிப்பதாகும். புதியவர்கள் பலர் மறுப்பதையே திறமையாகக் கருதுகின்றனர். ஆனால் ஏற்கத்தக்க வடிவத்துக்கு ஓர் இடரைக் கொண்டுவருவதிலேயே இத்தொழிலின் நுட்பம் இருக்கிறது.

ஆயுள் காப்பீட்டில் இதற்கான அடிப்படைக் கருவி, நியூயார்க் லைஃப் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்தர் ஹன்டரும் ஆஸ்கர் ரோஜர்ஸும் 1919இல் விளக்கி எழுதிய எண்முறையாகும். சராசரி உடல்நலம் உடையவரின் இறப்பு வாய்ப்பை 100 எனக் கொண்டு, உயர் ரத்த அழுத்தம், உடற்பருமன், குடும்பத்தில் வந்த நோய் போன்றவற்றுக்குப் புள்ளிகளைக் கூட்டியும் சாதகமானவற்றுக்குக் கழித்தும் வரும் தொகைக்கு ஏற்பக் கூடுதல் பிரீமியம் விதிக்கப்படுகிறது. எனினும், ஏமாற்றும் நோக்கத்தாலோ அக்கறையின்மையாலோ எழும் ஒழுக்க இடர் இந்த எண்களில் அகப்படுவதில்லை. வருமானத்துக்குப் பொருந்தாத காப்பீட்டுத் தொகை, ஒரே காலத்தில் பல நிறுவனங்களில் கோரப்படும் பாலிசிகள், நெருங்கிய உறவல்லாத நாமினி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும் கண்ணுக்கே அது புலப்படும். காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், மூன்றாண்டு கடந்த ஆயுள் பாலிசியை எக்காரணத்தாலும் நிறுவனம் கேள்விக்குட்படுத்தலாகாது என்கிறது. ஆகவே முன்மொழிவுப் படிவத்தைத் தொடக்கத்திலேயே கூர்ந்து படிக்க வேண்டிய பொறுப்பு முன்னைவிடக் கூடியிருக்கிறது.

கடன் வழங்கலில் 300 முதல் 900 வரையிலான சிபில் மதிப்பெண், ஒருவர் இதுவரை எப்படித் திருப்பிச் செலுத்தினார் என்பதைக் காட்டுகிறதே தவிர, இனி செலுத்த அவரிடம் பணம் வருமா என்பதைக் காட்டுவதில்லை. சிறுதொழில்களின் நடைமுறை மூலதனக் கடனுக்கு, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் குறைந்தது 20 சதவீதம் என்ற, ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழுவின் அளவுகோல் உள்ளது. ஆனால் அந்த விற்பனை மதிப்பீடு உண்மையா என்பதை அதிகாரிதான் ஆராய வேண்டும். திருப்பூரின் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் இயந்திரங்கள் ஓடுகின்றனவா என்பதை இருப்புநிலைக் குறிப்பைவிட மின்கட்டண ரசீதும் ஜிஎஸ்டி கணக்கும் விரைவாகச் சொல்லிவிடும். வெளிநாட்டு வாங்குநர் ஒருவரையே நம்பியிருக்கும் நிறுவனத்துக்கு, அவர் அறுபது நாளில் தந்துவந்த பணத்தை நூற்றிருபது நாளுக்குத் தள்ளினால், ஏட்டில் லாபம் இருக்கும்போதே கூலி கொடுக்கக் கையில் காசு இராது. ஈடாக வரும் நிலத்தின் மதிப்பை முதலிலும் தொழிலின் வரவை இறுதியிலும் பார்க்கும் பழக்கம் தவறானது. கடன் திரும்ப வேண்டியது வரவிலிருந்தே, ஈடு இறுதிப் பாதுகாப்பு மட்டுமே.

மும்பையிலுள்ள இந்தியக் காப்பீட்டுக் கல்வி நிறுவனமும் இந்திய வங்கியியல் மற்றும் நிதிக் கல்வி நிறுவனமும் நடத்தும் தேர்வுகள் சட்டத்தையும் கணக்கையும் நன்றாகவே கற்பிக்கின்றன. ஆனால் தீர்ப்புத் திறன், அதாவது முழுமையற்ற தகவலிலிருந்து சரியான முடிவை எட்டும் ஆற்றல், எடுத்த முடிவின் விளைவைக் காண்பவருக்கே வாய்க்கிறது. இருபதாண்டு வீட்டுக்கடனுக்கு ஒப்புதல் தந்த அதிகாரி சில ஆண்டுகளில் வேறு கிளைக்கு மாற்றலாகிச் சென்றுவிட, அக்கடன் 90 நாள் நிலுவையாகி வாராக் கடனாகும்போது கோப்பு வேறொருவர் மேசையில் இருக்கிறது. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. தவறான ஒப்புதல் நட்டமாகத் திரும்பி வந்து விளக்கம் கேட்கிறது. தவறான மறுப்போ எந்தப் பதிவேட்டிலும் நட்டமாக ஏறுவதில்லை. நேர்மையாகத் தொழில் செய்திருக்கக்கூடிய ஒருவர் கந்துவட்டிக்குப் போனது எவருக்கும் தெரியாமலே போகிறது. விளைவாக, மதிப்பீட்டாளர் தம்மையறியாமலே ஆண்டுக்காண்டு அஞ்சுபவராக மாறுகிறார்.

ஆகவே, ஒப்புதல் அதிகாரம் அளிக்கும் முன் ஒவ்வொரு புதியவரையும் கிளெய்ம் பிரிவிலோ கடன் வசூல் பிரிவிலோ சில காலம் பணியாற்றச் செய்யவும், மறுக்கப்பட்டவருக்கு என்ன மாறினால் ஏற்கப்படும் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும் நிறுவனங்கள் முன்வர வேண்டும்.