கால் வந்துடும் சார்

34 வருடம் கரும்பலகை முன் நின்ற கால்கள். போன மாதம் வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்துவிட்டது. ஆர்த்ரோஸ்கோபி செய்தார்கள். காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம் என்றார் டாக்டர். எல்லோருக்கும் அது நல்ல செய்தி. எனக்கு அதுதான் பயம். ராத்திரி ஏதாவது ஒன்று என்றால் வீட்டில் நானும் மனைவியும் மட்டும்தானே?

முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்திருந்தார்கள். வார்டுக்கு வந்ததும் கால்விரலை அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. தொட்டால் யாருடைய காலோ மாதிரி இருந்தது. வெளியில் சொல்லவில்லை. வாத்தியார் பயப்படலாமா?

நர்ஸ் வந்தார். என் மகளைவிடச் சின்ன வயது. "கால் இன்னும் வரலைன்னு பயமா இருக்கா சார்?" என்று அவரே கேட்டார். தலையாட்டினேன்.

"மருந்து இறங்க ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். குறுகுறுன்னு இருக்கும், விரலும் அசையும். கால் வந்துடும் சார். அரை மணிக்கு ஒருதடவை நான் வந்து பார்க்கிறேன்."

சொன்னபடி வந்தார். ஐந்தாவது முறை வந்தபோது கட்டைவிரல் அசைந்தது. இருவரும் சிரித்தோம்.

சிறுநீர் நன்றாகப் போன பிறகே அனுப்புவோம் என்றார். கிளம்பும்முன் மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்: ஐஸைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம் வைக்க வேண்டும், காலை உயர்த்தி வைக்க வேண்டும், ரத்தம் உறையாமலிருக்கப் பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். முட்டியில் கொஞ்சம் வீக்கம் சகஜம். கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே வந்துவிட வேண்டும்.

"இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க சார்."

ஒப்பித்தேன். கெண்டைக்காலை விட்டுவிட்டேன். மனைவி எடுத்துக்கொடுத்தாள்.

அன்றிரவு இரண்டு மணிக்கு முட்டி வீங்கியிருந்தது. நான் பதறினேன். "முட்டிதானே, கெண்டைக்கால் இல்லையே? காய்ச்சலும் இல்ல" என்று தொட்டுப் பார்த்துவிட்டு, ஐஸ் வைத்துவிட்டுத் தூங்கிப்போனாள் அவள். நானும் தூங்கினேன்.

வகுப்பில் "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். "புரிஞ்சுது சார்" என்பார்கள். அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன். கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் இருந்த பிள்ளைகளைச் சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன். அவர்களுக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும். ஒருநாளும் நான் கேட்டதில்லை.

இதைப் படிக்கும் என் மாணவர்கள் யாராவது அந்தப் பெஞ்சில் இருந்திருந்தால், மன்னித்துக்கொள்ளுங்கள்.