எங்க போறிய?

போன ஓணத்துக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அம்மா தன் தட்டில் போட்டுக்கொண்ட சோற்றில் ஒரு கரண்டியை எடுத்துத் திரும்பப் பானையில் போட்டேன். விளையாட்டுபோலத்தான் செய்தேன். அம்மாவும் சிரித்தாள். அன்று சாயங்காலம் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனால், அவள் சுவரைப் பார்த்து நின்றபடி மீந்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தோளில் கிடந்த துவர்த்தால் கிண்ணத்தை மூடினாள். நான் தண்ணீர் குடிக்காமலே வந்துவிட்டேன்.

அம்மாவுக்கு 58 வயது. உயரம் 152 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் கணக்கான பி.எம்.ஐ. 32 வருகிறது. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் பருமன் என்று இங்குள்ள மருத்துவர்கள் கொள்கிறார்கள். முட்டுவலிக்குப் போன இடத்தில் டாக்டர் எக்ஸ்ரேயிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சோத்தக் குறைங்க, நடங்க" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. பெங்களூரில் நான் பார்க்கும் வேலையே அதுதான். உடற்பயிற்சிச் செயலி ஒன்றுக்கு நிரல் எழுதுகிறேன். கையில் கட்டிய வாட்ச் அனுப்பும் அசைவுகளில் எது காலடி, எது வெறும் கையாட்டல் என்று பிரிப்பது என் பகுதி. அம்மாவுக்கும் ஒரு வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டேன். ஒரு நாளைக்கு 6000 அடி இலக்கு.

ராத்திரி பெங்களூரிலிருந்து பார்ப்பேன். 1900. 2100. ஒருநாள் 1400. போனில் கேட்டால், "நடந்தேன் மக்கா. உனக்க வாட்சுக்குக் கண்ணு தெரியாது" என்பாள். பொய் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

பொங்கலுக்குப் போனபோது நானே கூட்டிக்கொண்டு கிளம்பினேன். வீட்டில் நைட்டியும் துவர்த்தும்தான் உடுப்பு. ரோட்டுக்கு வரவேண்டுமென்றால் சேலை மாற்றவேண்டும். மாற்றிக்கொண்டு வந்தாள். கோயில் ரோட்டில் இருநூறு மீட்டர் போவதற்குள் நாலு பேர் கேட்டார்கள், "எங்க போறிய?" முதல் ஆளிடம் "சும்மா" என்றாள். சும்மா என்பது எங்கள் ஊரில் ஒரு பொம்பளை சொல்லக்கூடிய பதிலே இல்லை. அடுத்த ஆளிடம், "மோனுக்குக் கடையில ஒரு சாதனம் வாங்கணும்" என்றாள். நாலாவது ஆள் கேட்டதும், "முட்டு வலிக்கி" என்று சொல்லித் திரும்பிவிட்டாள்.

காலையில் அதே ரோட்டில் ரிட்டயர்டு வாத்தியார்கள் அரைக்கால் சட்டையோடு கைவீசி நடக்கிறார்கள். சிவராத்திரிக்கு முந்தின நாள், காவி வேட்டியும் பனையோலை விசிறியுமாக ஆயிரக்கணக்கான ஆண்கள் "கோவிந்தா கோபாலா" என்று ஓடிவருவார்கள். சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு கோயில்களில் எங்கள் மகாதேவர் கோயில் மூன்றாவது. அவர்களிடம் யாரும் எங்க போறிய என்று கேட்பதில்லை, மோர் கொடுப்பார்கள்.

இத்தனைக்கும் அம்மா நடக்காமல் வளர்ந்தவள் இல்லை. சின்ன வயதில் வயலில் களை பறித்திருக்கிறாள், விளையில் மரச்சீனி பிடுங்கிச் சுமந்திருக்கிறாள். பிறகு வயல்களும் மரச்சீனி விளைகளும் ஒவ்வொன்றாக ரப்பரானது. நெல்லுக்கு நடவு, களை, அறுப்பு என்று ஆண்டு முழுக்கப் பெண்களுக்கு வேலை இருக்கும். ரப்பருக்கு விடிவதற்கு முன் பால்வெட்ட ஒரு ஆள் போதும், எங்கள் பக்கம் அது பெரும்பாலும் ஆணாகவே இருந்தான். பெண்கள் அண்டி ஆபீசுக்குப் போனார்கள். அம்மாவும் போனாள், 19 வருடம். வறுத்து உடைத்த முந்திரிப் பருப்பின் தொலியைத் தரையில் உட்கார்ந்து உரிக்கவேண்டும். உரித்த பருப்பை எடைபோட்டுத்தான் கூலி. அதனால் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கமாட்டார்களாம். மதியம் தூக்குவாளியில் கொண்டுபோன சோறும் ஒரு துவையலும். எடைபோடும் பருப்பில் ஒன்றை வாயில் போட்டுக்கொள்ள முடியாது.

சோற்றை மட்டும் குறைசொல்லவும் எனக்கு மனமில்லை. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பட்டினி என்ற சொல்லை என் தலைமுறை அகராதியில் பார்க்கிறது என்றால் அதற்கு அந்த அரிசிதான் காரணம். ஆனால் முட்டையும் மீனும் பயறும் காசுக்கு. எங்கள் வீட்டில் சாளைக்கறி வைத்தால் மீன் அப்பாவுக்கும் எனக்கும் வரும். அம்மா கடைசியில் உட்கார்ந்து சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைவாள். மிச்சம் வைக்கக்கூடாதென்று நாங்கள் விட்டதையும் அவளே தின்பாள். நான் பானையில் திருப்பிப் போட்ட அந்தக் கரண்டிச் சோறும் அப்படித்தான் அவளிடமே திரும்பிப் போயிருக்கும்.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் பி.எம்.ஐ. 25-ஐ எட்டியவர்கள் 2015-16ல் 30.9 சதவீதம். 2019-21ல் அது 40.4. அதே கடைசி ஆய்வில் ரத்தசோகை உள்ள பெண்கள் 53.4 சதவீதம். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே மாநிலத்தில், பல வீடுகளில் ஒரே உடம்பில், எடையும் கூடுதல், இரும்புச்சத்தும் போதவில்லை. இந்தக் கணக்கு 15 முதல் 49 வயதுவரை உள்ளவர்களுக்கு. அம்மா இதில் சேர்த்தியே இல்லை.

அன்று நடை பாதியில் முடிந்து வந்து படியில் உட்கார்ந்திருந்தபோது அம்மா சொன்னாள்: "உனக்க பாட்டி என்னை வயித்துல வச்சிருக்கும்போ அரிசியே கிடைக்காதாம். வெறும் மரச்சீனியாக்கும். நான் பிறந்தப்ப எலிக்குஞ்சு மாதிரி கிடந்தேன்னு சொல்லுவா. கல்யாணத்துக்கு என்னைப் பாக்க வந்தவிய எலும்பா இருக்கான்னு ரெண்டு பேரு வேண்டாம்னு போனாவ. பிறவு ஒடம்பு வச்சேன். எல்லாரும் சந்தோசப்பட்டாவ. இப்ப நீ வந்து குறைன்னு சொல்லுக."

1960களின் நடுவில் இருந்த அரிசித் தட்டுப்பாடு அது. புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் என்ற மருத்துவர் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். நம் குழந்தைகள் எடையில் குறைவு, தசையும் குறைவு, ஆனால் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. கருவில் பசி கண்ட உடம்பு பிற்காலத்தில் கிடைப்பதைச் சேர்த்துவைக்கப் பார்க்கிறது என்றொரு கருத்து மருத்துவத்தில் உண்டு. அம்மாவின் 74 கிலோவில் பாட்டி சாப்பிடாத சோறும் கொஞ்சம் இருக்கலாம். அம்மாவிடம் இதைச் சொல்ல முயன்றேன். "அப்ப அதுக்கும் அம்மைதான் குத்தமா?" என்று கேட்டாள். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் மதியம் அப்பாவையும் என்னையும் போல அவளும் கூடவே உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்று சொன்னேன். உட்கார்ந்தாள். ஊறுகாய்க்கு ஒருமுறை, தண்ணீருக்கு ஒருமுறை, அப்பா இருமியதற்கு ஒருமுறை என்று மூன்று தடவை எழுந்தாள். ஆனாலும் மீன் துண்டு அவள் தட்டில் இருந்தது. அப்பா ஏதோ சொல்ல வந்து வேறெதையோ சொன்னார்.

மாசிமாதம் ஒருநாள் வாட்ச் 4300 காட்டியது. அடுத்த நாளும் ஏறக்குறைய அவ்வளவுதான். சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஆறேகால்வரை விடாமல் நடந்திருக்கிறாள். போன் பண்ணினேன்.

"இப்ப யாரும் எங்க போறியன்னு கேக்கலியா?"

"கேப்பாவ. பாலு வாங்கன்னு சொல்லுவேன். கையில தூக்குவாளி வச்சிருக்கேன்லா."

"பாலு பாக்கெட்டுலதானே வருது?"

"அது அவியளுக்கு எதுக்கு? வாளிக்கு மூடி போட்டிருக்கு."

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. வாளி பிடித்த கை வீசாது. வீசாத கையில் வாட்ச் இருந்தால் என் நிரல் பாதி அடிகளைக் கையாட்டல்கூட இல்லை என்று தள்ளிவிடும்.

"எந்தக் கையில வாளி பிடிப்ப?"

"வாட்சு கட்டின கையில."

"மத்தக் கையில பிடிம்மா."

"அதுல குடை இருக்குல்லா மக்கா."