ஸ்கேன் நார்மல்தான், ஆனா...

தூத்துக்குடியில எங்க சித்தப்பாவுக்குக் காதுல யாரோ பேசுற சத்தம். ஸ்கேன்ல 'நார்மல்'னு வந்துச்சு. "அப்புறம் என்னல, சும்மா நடிக்கான்"னுட்டாங்க சொந்தக்காரங்க.

மக்களே, சிடி, எம்ஆர்ஐ எல்லாம் மூளையில கட்டி, ரத்தக்கசிவு மாதிரி வேற காரணம் இருக்கான்னு பார்க்கத்தான். மனச்சிதைவை ஸ்கேன் வச்சு உறுதிப்படுத்த முடியாது. 2013-ல வந்த டிஎஸ்எம்-5 கையேடும் அறிகுறிகள், அவை நீடிச்ச காலம் இதையெல்லாம் வச்சுத்தான் முடிவு பண்ணச் சொல்லுது. மதர்போர்டை போட்டோ புடிச்சா புரோகிராம்ல இருக்குற பக் தெரியுமா? டாக்டர் உக்காந்து பேசித்தான் கண்டுபிடிக்கணும்.

டாக்டர்கிட்ட போகாம, நோயாளிகளைச் சங்கிலியில கட்டி வச்ச ஏர்வாடி நம்ம கடற்கரையிலதான் இருக்கு. 2001 ஆகஸ்ட் 6 தீ விபத்துல தப்பிக்க முடியாம 28 பேர் செத்தாங்க.

அதனால, ஸ்கேன் கவரோட நேரா வீட்டுக்குத் திரும்பிடாதீங்க. மனநல மருத்துவரையும் ஒருதடவை பாத்துடுங்க.