அந்த அழுத பெண்

டென்னிஸ் ஆட்டத்தில் எனக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிடாதீர்கள். பந்து வலையில் விழுந்தால் புள்ளி போச்சு. ஸர்வீஸ் இரண்டு தரம் தப்பினால் அதுவும் போச்சு. அவ்வளவுதான். ஆனால் 1998-ஆம் வருஷம் ஜூலை 4-ஆம் தேதி, சனிக்கிழமை, காலையிலிருந்து நான் பட்ட பாடு இருக்கிறதே, என் பெண்ணின் பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூடப் பட்டதில்லை!

அன்று விம்பிள்டனில் பெண்கள் இறுதி ஆட்டம். யானா நோவோட்னா ஆடப் போகிறாள். செக் நாட்டில் ப்ர்னோ நகரத்துப் பெண். எனக்கும் அவளுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

உறவை உண்டாக்கியவர் என் மாமியார். 1993-இல் பக்கத்து வீட்டில் கேபிள் வந்த புதிது. இறுதி ஆட்டம் பார்க்கப் போனோம். மாமியார் கூடவே கொத்தவரங்காயையும் அரிவாள்மணையையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எதிரே ஸ்டெஃபி கிராஃப். மூன்றாவது செட்டில் நோவோட்னா 4-1 என்று முன்னால் நிற்கிறாள். இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் 5-1. அந்தப் புள்ளியில் இரண்டு ஸர்வீஸும் தப்பியது. அதற்கப்புறம் கை கால் ஓடவில்லை அவளுக்கு. வரிசையாக ஐந்து கேம் போய், 6-4 என்று ஸ்டெஃபி ஜெயித்துவிட்டாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

பரிசு கொடுக்க வந்த கென்ட் சீமாட்டி ஏதோ ஆறுதல் சொல்ல, இவள் பொங்கி வந்த அழுகையை அடக்க முடியாமல் அந்த ராஜகுடும்பத்து அம்மாளின் தோளிலேயே சாய்ந்து அழுதுவிட்டாள். மாமியார் அரிந்துகொண்டிருந்த காயை அப்படியே வைத்துவிட்டார். ஆட்டம் புரியாத அவருக்கு அது புரிந்துவிட்டது.

அன்று முதல் எங்கள் வீட்டில் அவளுக்கு "அந்த அழுத பெண்" என்றே பெயர். ஜூன் மாதம் பிறந்தால் போதும், "அந்த அழுத பெண் இந்த வருஷம் வந்திருக்காளா?" என்று விசாரணை. 1997-இல் வந்தாள். இறுதி ஆட்டம்வரை வந்து, பதினாறே வயதான மார்ட்டினா ஹிங்கிஸிடம் தோற்றாள். "குழந்தையைத் திட்டவும் மனசு வரலையே" என்று அங்கலாய்த்தார் மாமியார்.

அடுத்த வருஷம் அதே ஹிங்கிஸை அரை இறுதியில் 6-4, 6-4 என்று ஜெயித்தபோது நாங்கள் சந்தோஷப்படவில்லை, பயந்தோம். எதிராளி பிரான்ஸ் தேசத்து நதாலி தோஸியா. பதினாறாவது இடம் கொடுக்கப்பட்டவள். "சுலபமாக ஜெயிப்பாள்" என்றார் இவர், பேப்பரை மடித்துக்கொண்டே. சுலபமா! 1993-இல் 4-1 சுலபமாக இல்லையா? ஆண்களுக்கு எண்கள்தான் கண்ணில் படும். நோவோட்னாவுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அவளுக்கு ஆட்டம் கற்பித்த ஹானா மாண்ட்லிகோவாவும் விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் இரண்டு தரம் தோற்றவர். எனக்கு அதிலேயே பாதி நம்பிக்கை போய்விட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். 1993-இலும் 1997-இலும் நான் பார்த்தேன். இரண்டு தரமும் அவள் தோற்றாள். அதனால் இந்தத் தடவை பார்ப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். மாலை ஆறரைக்கு ஆட்டம் ஆரம்பித்ததும் அடுப்பங்கரையில் போய் நின்றுகொண்டேன். காது மட்டும் கூடத்தில் இருந்தது. முதல் செட் 6-4. தோசை இரண்டு கருகிற்று. இரண்டாவது செட் ஆறுக்கு ஆறு என்று வந்து நின்றபோது மாமியார் குரல் கொடுத்தார்.

"அங்கே என்ன பண்றே? இங்கே வா. அழுதா சேர்ந்தே அழலாம்."

அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். என் கை அவர் கைக்குள் இருந்தது. டைபிரேக்கரை 7-2 என்று முடித்துவிட்டாள்!

ஜெயித்த பெண்ணுக்கு அங்கே கொடுப்பது கோப்பையல்ல, பெரிய வெள்ளித் தாம்பாளம். அதைக் கொடுக்க வந்தவரும் அதே கென்ட் சீமாட்டிதான். "சீர்த் தட்டு மாதிரின்னா இருக்கு" என்று மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்று அந்தக் கூடத்தில் மாமியார் இல்லை. நோவோட்னாவும் 2017 நவம்பரில், நாற்பத்தொன்பதே வயதில், புற்று நோயால் போய்விட்டாள். பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்தபோது, அன்றைய தினம் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டே மாமியார் கவலையோடு கேட்டதுதான் ஞாபகத்துக்கு வந்தது:

"ஏண்டி, இனிமே இவளை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறது?"