அழகர் மலையடிவாரத்தில் குடியிருக்கலாமா?

மதுரைக்காரர்களுக்கு அழகர்கோவில் ஒரு நாள் பயணம். காலையில் பஸ் ஏறி, சாமி கும்பிட்டு, தோசைப் பிரசாதம் வாங்கி, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவார்கள். அந்த அடிவாரத்திலேயே குடியேற வருபவருக்குத்தான் ஊரின் இன்னொரு முகம் தெரியும்.

தல்லாகுளம், புதூர், கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி என்று சுமார் 21 கிலோமீட்டர். கள்ளந்திரியில் பெரியாறு கால்வாயைத் தாண்டியதும் எதிரே மலை எழுந்து நிற்கும். பழைய கோட்டை மதிலுக்குள் நுழைந்தால் நகரத்து இரைச்சல் அறுந்துபோகும்.

முதல் பாடத்தைக் குரங்குகளே நடத்திவிடும். வடகத்தை மாடியில் காயப்போட்டால் காவலுக்கு ஆள் வேண்டும். கையில் பழப் பையைத் தொங்கவிட்டு நடக்கக் கூடாது. சன்னலுக்குக் கம்பி வலை இல்லாத வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காமல் இருப்பது நல்லது.

இரண்டாவது பாடம், நேரம். நண்பகலில் கோயில் நடை சாத்தினால் கடைத்தெருவும் கண்ணயரும். மாலை நடை திறக்கும்போதுதான் மறுபடி கலகலப்பு. பெரிய மருத்துவமனைக்கும் துணிக்கடைக்கும் மதுரைக்கோ மேலூருக்கோதான் போக வேண்டும். இரவு கடைசி பஸ் எப்போது என்று தெரிந்துகொள்ளாமல் ஊருக்குக் கிளம்பக் கூடாது. வயதானவர்கள் உள்ள குடும்பம் இதை யோசித்தே முடிவெடுக்க வேண்டும்.

அதற்கு ஈடாகக் கிடைப்பவையும் உண்டு. காலை நடைக்கு மலைப்பாதை. மேலே ஆறுபடை வீடுகளில் ஒன்றான பழமுதிர்சோலை. இன்னும் ஏறினால் ராக்காயி அம்மன் சன்னிதியில் நூபுரகங்கைத் தீர்த்தம். உளுந்தும் அரிசியும் மிளகும் சேர்த்து நெய்யில் வெந்த கனத்த தோசைக்கு, சட்னி கேட்கிற பழக்கம் தானாக மறந்துபோகும்.

மூன்றாவது பாடம்தான் முக்கியம். கோபுர வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்குச் சிலை கிடையாது. சந்தனம் பூசிய கதவுதான் சாமி. கொடுக்கல் வாங்கல் தகராறு, சொத்துச் சண்டை என்றால் இங்கே வந்து சத்தியம் செய்யும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அதனால் சுற்றுவட்டாரத்தில் சொன்ன சொல்லுக்கு எடை அதிகம். புதியவர் எத்தனை படித்தவர் என்பதைவிட, கடன் சொன்ன நாளில் திரும்பியதா என்பதைத்தான் ஊர் கவனிக்கும்.

சித்திரையில் அழகர், கருப்பசாமியிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு மதுரைக்குப் புறப்படுவார். மூன்றுமாவடியில் எதிர்சேவை, சித்ரா பௌர்ணமியில் வைகை, பிறகு வண்டியூர், தேனூர் மண்டபம், தல்லாகுளத்தில் பூப்பல்லக்கு. மீனாட்சி கல்யாணத்தோடு இந்த விழா திருமலை நாயக்கர் காலத்தில் இணைந்தது என்பார்கள். அந்த நாட்களில் மதுரை நிரம்பி வழியும். அடிவாரமோ, பிள்ளையை வெளியூர் அனுப்பிவிட்ட வீடு போல இருக்கும்.

சில நாள் கழித்து அழகர் மலைக்குத் திரும்புவார். பூசணிக்காயில் சூடம் ஏற்றித் திருஷ்டி சுற்றி அவரை உள்ளே அழைப்பார்கள். மதுரைக்கு அது திருவிழாவின் முடிவு. அடிவாரத்துக்கோ, வீட்டுக்காரர் வந்துசேர்ந்த நாள். அன்றைக்குப் புதிதாய்க் குடிவந்தவரும், ‘அழகர் வந்துட்டாரு’ என்று நிம்மதியாக மூச்சு விட்டால், இனி அவருக்கு வேறு ஊரில் வீடு பார்க்க வேண்டாம்.